சின்னமுத்து என்று கேட்டிருக்க வேண்டும்

தாட்சாயினிக்குக் கதிரை ஒத்துவரவில்லை. அலுவலகத்துக்கு மாறி இரண்டாவது வருடம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் ஒரு மின்னஞ்சலை எழுதி முடிப்பதற்குள் நாலு தரம் எழும்பி விடுவாள். யன்னலடிக்குப் போவாள், தண்ணீர் எடுப்பாள், பக்கத்து மேசைக்காரியின் பூச்சாடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவாள். வீட்டிலும் அப்படித்தான். "உமக்கு உந்த வேலை சரிவராது. திரும்பிப் பாடசாலைக்கே போம்" என்று அவளுடைய கணவன் உருத்திரமூர்த்தி சொல்லிக்கொண்டே இருந்தான். போக முடிந்திருந்தால் அவள் போயிருப்பாள். ஒரு பனிக்காலத்தில் பாடசாலை வாசற்படியில் வழுக்கி விழுந்ததில் முழங்கால் பழுதாகிப் போனது. மூன்று பாடசாலைகளுக்கு மாறி மாறி ஓடித் திரிய அதன் பிறகு வைத்தியர் விடவில்லை.

பருத்தித்துறையில் பிறந்தவள். பத்து வயதில் தாயோடு மொன்றியலுக்கு வந்து, ஒரு சொல்லும் விளங்காத வகுப்பில் ஒரு வருடம் வாய் திறவாமல் இருந்து, பிறகு பிரெஞ்சிலேயே சண்டை பிடிக்கவும் பழகிக்கொண்டாள். தாதிப் படிப்பு முடித்துச் சில வருடம் அவசர சிகிச்சைப் பிரிவில் நின்றாள். பிறகு நகரின் கோத்-டே-நேஜ் பக்கத்துப் பாடசாலைகளில் தாதி. மூக்கில் இரத்தம் வடிய வரும் பிள்ளை, வயிற்றுக்குத்து என்று பொய் சொல்லிக் கணக்குப் பாடத்திலிருந்து தப்பி வரும் பிள்ளை, வேர்க்கடலை ஒவ்வாமை ஊசியைப் பையில் வைத்துக்கொண்டு அதைப் போடத் தெரியாத ஆசிரியை என்று பல விதமான ஆட்களோடும் அவள் பழகியிருந்தாள்.

இப்போது அவளுடைய வேலை வேறு. மொன்றியல் தீவு முழுவதிலும் உள்ள பாடசாலைத் தாதிமாருக்கு வட்டாரச் சுகாதாரச் செய்திகளைச் சேர்ப்பது. எந்தப் பகுதியில் என்ன காய்ச்சல், தடுப்பூசி விதிகளில் என்ன மாற்றம், பெற்றோருக்குக் கொடுக்க என்ன தாள் இருக்கிறது என்றெல்லாம் வாரம் தவறாமல் எழுதி அனுப்ப வேண்டும். எழுதியதை மேலே வைத்தியர் ஆனந்தகிருஷ்ணன் பார்ப்பார், அவருக்கு மேலேயும் ஒருவர் பார்ப்பார். அவள் இரண்டு வரியில் சொன்னது திரும்பி வரும்போது இரண்டு பக்கமாக இருக்கும். அதை நாலு பாடசாலை பார்க்கும் ஒரு தாதி எப்போது வாசிப்பாள்? மத்தியானம் பாண் துண்டைக் கடித்துக்கொண்டே பிள்ளைக்கு இரத்தத்தில் சீனி சோதிக்கிற நேரத்திலா? இந்தக் கேள்விதான் அவளைக் கதிரையில் இருக்க விடவில்லை. தான் அனுப்புவதெல்லாம் ஆருமில்லாத வீட்டு வாசலில் போய் விழுகிற விளம்பரத் தாள் மாதிரித்தான் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

ஏப்ரல் மாதத்தில் பார்க்-எக்ஸ்டென்ஷன் பகுதியில் ஒரு ஆரம்பப் பாடசாலையில் ஒரு சிறுமிக்குச் சின்னமுத்து வந்தது. ஆங்கிலத்தில் மீசில்ஸ், பிரெஞ்சில் ருஜோல். குடும்பத்தோடு வெளிநாடு போய்த் திரும்பிய பிள்ளை. செவ்வாய்க்கிழமை சோதனை முடிவு வந்ததும் அலுவலகம் எறும்புப் புற்றில் தண்ணீர் ஊற்றியது போல ஆகிவிட்டது. அந்தப் பாடசாலைக்கு மட்டுமில்லாமல் வட்டாரத்துப் பாடசாலைகள் எல்லாவற்றுக்கும் உடனே எச்சரிக்கை போக வேண்டும், பல மொழிகளில் பெற்றோருக்கான தாளும் சேர்ந்து போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. பிரெஞ்சுத் தாளை தாட்சாயினி வரி வரியாகப் படித்தாள். மொழிபெயர்த்து வந்திருந்த மற்றவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினாள். தமிழ்த் தாளில் எழுத்துகள் உடையாமல் ஒழுங்காக வந்திருப்பதைக் கண்டு ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். அனுப்பிவிட்டாள்.

அதன் பிறகு இரண்டு நாளும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேள்வி ஒன்றும் வரவில்லை என்பதுதான் அவளைக் குடைந்தது. இத்தனை தாதிமாரில் ஒருவருக்குக்கூடவா சந்தேகம் வராது? வியாழக்கிழமை காலை ஆரிடமும் சொல்லாமல் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு மெட்ரோவில் ஏறிவிட்டாள்.

அந்தப் பாடசாலையின் தாதி ஜென்சி. நாகர்கோவில்காரி, முப்பது வயது இருக்கும், வேலைக்கு வந்து ஒரு வருடம் ஆகவில்லை. தாட்சாயினியும் அவளும் தொலைபேசியில்தான் கதைத்திருந்தார்கள். அவளுடைய அறை முன்பு துடைப்பக்கட்டைகள் வைத்த இடமாக இருந்திருக்க வேண்டும். ஒரு மேசை, ஒரு சிறிய கட்டில், யன்னல் கிடையாது. கதவைத் திறந்தபோது ஜென்சி ஒரு காதில் தொலைபேசியும் மறு கையில் பனிக்கட்டிப் பையுமாக நின்றாள். கட்டிலில் நெற்றி வீங்கிய ஒரு சிறுமி.

"ஐயோ அக்கா, நீங்களா? நேர்லயே வந்துட்டீங்களா?" என்று ஜென்சி கேட்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது.

சிறுமியை வகுப்புக்கு அனுப்பிவிட்டு அவள் சொல்லத் தொடங்கினாள். நோய் வந்த பிள்ளையின் வகுப்பில் போன வெள்ளிக்கிழமை காலை பெற்றோரைக் கூப்பிட்டுச் சேர்ந்து சாப்பிடுகிற நிகழ்ச்சி ஒன்று நடந்திருந்தது. பிள்ளை இருமிக்கொண்டு அங்கேயே இருந்திருக்கிறாள். பிள்ளைகளின் தடுப்பூசி விபரம் எல்லாம் கையில் இருந்தது, ஆனால் பெற்றோரின் விபரம் ஆரிடமும் இல்லை. நோய்த் தொடர்பு தேடுகிற குழு ஆள் பற்றாமல் திணறியபடியால், முதற்கட்டமாக அவர்களை விசாரித்து வைக்கச் சொல்லி ஜென்சியிடம் கேட்டிருந்தார்கள். நேற்று முழுக்க அவள் அதைத்தான் செய்தாள்.

"பாதிப் பேர் போனே எடுக்கலைக்கா. எடுத்தவங்க திட்டினாங்க. ஆனா பெரிசா பயப்பட ஒண்ணுமில்ல. ஒரு அம்மா மாசமா இருக்காங்க, அஞ்சு மாசம். நல்லவேளை, அவங்களுக்குச் சின்ன வயசுலயே வந்து போயிருக்கு. இனி வராது."

"சோதிச்சுப் பாத்ததோ?"

"இல்லக்கா, அவங்களே சொன்னாங்க. தமிழ் ஆளுங்கதான், உங்க ஊரு. பேரு அனோஜினி. நல்லா ஞாபகம் இருக்குன்னாங்க, வேப்பிலையில படுக்க வெச்சது கூட."

தாட்சாயினி கதிரையின் விளிம்பில் இருந்தாள். வேப்பிலை என்றதும் நிமிர்ந்தாள்.

"ஜென்சி, நீர் அவவிட்டை என்னெண்டு கேட்டனீர்? அந்தச் சொல்லை அப்பிடியே சொல்லும்."

"நீங்க அனுப்பின தாள்ல இருந்த மாதிரிதான் கேட்டேன். சின்ன வயசுல உங்களுக்குத் தட்டம்மை, அம்மை வந்திருக்கான்னு. ஆமான்னாங்க."

சுவரில் அந்தத் தாள் ஒட்டியிருந்தது. தாட்சாயினி எழும்பிப் போய் அதை வாசித்தாள். தலைப்பிலேயே பெரிய எழுத்தில் தட்டம்மை என்று இருந்தது. கீழே முழுவதும் அம்மை, அம்மை, அம்மை. பிழையென்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் அதுதான் பேர். ஆனால் அவளுடைய ஊரில் இந்த நோய்க்குப் பேர் சின்னமுத்து. அம்மை என்று கேட்டால் ஊர்ச்சனத்துக்கு நினைவு வருவது அம்மாள் வருத்தம், பொக்களிப்பான், ஆங்கிலத்தில் சிக்கன்பொக்ஸ், கொப்பளம் கொப்பளமாய்ப் போடுவது. அது வேறு நோய். அது வந்து போனவருக்கு இது வராது என்று ஒரு உத்தரவாதமும் இல்லை.

தான் திறந்து மூடிய தாள். தன் தாய்மொழியில் இருந்த தாள்.

"ஜென்சி, அனோஜினிக்கு வந்தது வேறை நோய்" என்றாள். சொல்லி விளங்கப்படுத்த அதிக நேரம் எடுக்கவில்லை. ஜென்சி விரல் விட்டு நாளை எண்ணினாள்.

"அப்போ இன்னைக்குத்தான் கடைசி நாளாக்கா?"

"ஓம்."

தடுப்புச் சக்தி இல்லாத கர்ப்பிணிக்கு நோய் தொற்றினால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளை தங்காமலும் போகலாம். கர்ப்பத்தில் இந்தத் தடுப்பூசி போட முடியாது. நோயாளியோடு நின்ற நாளிலிருந்து ஆறு நாளுக்குள் ஒரு மருந்தை இரத்த நாளம் வழியாக ஏற்றலாம், அதுதான் ஒரே வழி. வெள்ளிக்கிழமை பட்டது, இன்றைக்கு வியாழன். முதலில் இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு மருந்து வரவேண்டும், ஏற்றுவதற்கும் மணித்தியாலக் கணக்கு.

அனோஜினியின் கைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. பாடசாலைக் காரியாலயத்தில் கணவனின் இலக்கம் இருந்தது. பெயர் வசீகரன், டவுன்டவுனில் ஒரு உணவகச் சமையலறையில் வேலை. மூன்றாம் தரம் எடுத்தபோது சட்டி பாத்திரங்கள் மோதுகிற சத்தத்துக்கு நடுவில் குரல் கேட்டது.

"ஆர்?"

"தம்பி, நான் சுகாதாரப் பகுதியிலையிருந்து தாட்சாயினி கதைக்கிறன். அனோஜினி எங்கை வேலை செய்யிறவ எண்டு சொல்லுவியளோ?"

"ஏன் கேக்கிறியள்?" குரல் உடனே இறுகியது. "போன மாதமும் ஒராள் அரசாங்கத்திலையிருந்து எடுக்கிறன் எண்டு சொல்லி எங்களை ஏமாத்தப் பாத்தது. நீங்கள் ஆரெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. அவனுடைய இடத்தில் அவளும் அதைத்தான் கேட்டிருப்பாள். "நீங்கள் கேக்கிறது சரி. நான் உங்கடை மகன்ரை பாடசாலையிலை நிக்கிறன். இதை வைச்சிட்டுப் பாடசாலை நம்பருக்கு நீங்களே எடுங்கோ. தாதி அறையைக் கேளுங்கோ."

வைத்துவிட்டான். அவர்கள் இருவரும் மேசைத் தொலைபேசியைப் பார்த்தபடி நின்றார்கள். ஜென்சி நகத்தைக் கடித்தாள். தாட்சாயினி கதவு வரைக்கும் போனாள், வந்தாள். எடுப்பானா? முதலாளி கூப்பிட்டு உலைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டால் பின்னேரம் வரைக்கும் மறந்துபோவானே. மணி அடித்தது. ஜென்சியின் கைக்கு முந்தி அவளுடைய கை போய்விட்டது.

"ஜான்-டலோன் சந்தையிலை, அக்கா" என்றான் வசீகரன். "மரக்கறிக் கடை. ரோசா எண்டு ஒரு இத்தாலிக்காரியின்ரை. போன் பைக்குள்ளை கிடக்கும், அவ பாக்கமாட்டா. என்ன அக்கா, பிள்ளைக்கு ஏதுமோ? வயித்துக்குள்ளை இருக்கிற பிள்ளைக்கோ?"

"ஒண்டும் ஆகேல்லை. ஆகாமல் பாக்கத்தான் ஓடுறம். நீங்கள் வேலையைச் சொல்லிப்போட்டு வெளிக்கிடுங்கோ, ஆஸ்பத்திரி எதெண்டு சொல்லுறன்."

பார்க் நிலையத்தில் ஏறினால் சந்தைக்கு இரண்டு மெட்ரோ நிறுத்தம்தான். அந்த இரண்டும் அன்றைக்கு நீண்டு கிடந்தன. படியிறங்கும்போது முழங்கால் குத்தியது. சந்தையில் இன்னும் பனிக்காலத்து மறைப்புகளைக் கழற்றவில்லை. உள்ளே தக்காளியும் கொத்தமல்லியும் ஈரக் கடதாசிப் பெட்டியும் கலந்த மணம். ரோசாவின் கடை எது என்று பூக்கடைக்காரனிடம் கேட்டு அறிந்து போனாள். மிளகாய் குவித்திருந்த மேசைக்குப் பின்னால் பெரிய ஏப்ரன் கட்டிய ஒரு இளம்பெண் குனிந்து பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தாள்.

"அனோஜினி?"

அந்தப் பெண் நிமிர்ந்தாள். தெரியாத ஒருத்தி தன் பெயரைத் தமிழில் கூப்பிட்டதில் பெட்டியை அப்படியே கீழே வைத்தாள்.

தாட்சாயினி அவளை ஒதுக்குப்புறமாகக் கூட்டிக்கொண்டு போய்ப் பெயரையும் வேலையையும் சொன்னாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "தங்கச்சி, நேற்றுப் பாடசாலை நேர்ஸ் மிஸி உங்களிட்டை அம்மை வந்ததோ எண்டு கேட்டவ. உங்களுக்கு வந்தது எது? அம்மாள் வருத்தமோ, சின்னமுத்தோ?"

"அம்மாள் வருத்தம்தான். பொக்களிப்பான். முதுகிலை இப்பவும் தழும்பு கிடக்கு" என்றாள் அனோஜினி. "சின்னமுத்து எனக்கு வரேல்லை. ஏன், அதையோ கேட்டவ?"

"அதைத்தான் கேட்டது. ஊசி போட்டதோ?"

"தெரியாது அக்கா. நாங்கள் கிளிநொச்சி. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து திரிஞ்ச நேரம். அம்மாவுக்கும் நினைவில்லை."

தாட்சாயினி மிச்சத்தைச் சொன்னாள். பயமுறுத்தாமல் சொல்லத்தான் பார்த்தாள், ஆனாலும் அனோஜினியின் கை தானாக வயிற்றுக்குப் போய்விட்டது. பிறகு அவள் கடையைத் திரும்பிப் பார்த்தாள். "இப்பவே வரவோ? நான் பிள்ளைத்தாச்சி எண்டு இவவுக்கு இன்னும் சொல்லேல்லை, அக்கா. சொன்னால் வேலையாலை நிப்பாட்டிப் போடுவாவோ எண்டு பயம். பின்னேரம் முடிய வரட்டோ?"

"பின்னேரம் எண்டால் பிந்திப்போயிடும்."

தாட்சாயினி தானே போய் ரோசாவிடம் கதைக்க வாயெடுத்து அடக்கிக்கொண்டாள். அது அவளுடைய வயிறு, அவளுடைய வேலை. சொல்வதும் சொல்லாததும் அவளுடைய இஷ்டம். கடைசியில் அனோஜினியே போய், தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், குழந்தை, ஆஸ்பத்திரி, இப்பவே என்று சொன்னாள். ரோசா அறுபது தாண்டிய பருத்த மனுஷி. கையைத் துடைத்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"குழந்தை எண்டு எனக்கு எப்பவோ தெரியும். நீ பெட்டி தூக்குகிற விதத்திலேயே தெரிஞ்சது. நீயாகச் சொல்லட்டும் எண்டு இருந்தன். போ, போ!" என்று பிரெஞ்சில் கத்தினாள். பிறகு ஓடிவந்து அனோஜினியின் கையில் ஒரு பை தோடம்பழத்தைத் திணித்தாள்.

ஆஸ்பத்திரியில் முகக்கவசம் கொடுத்துத் தனி அறையில் இருத்தினார்கள். இரத்தம் எடுத்துக்கொண்டு போனார்கள். தாட்சாயினி வெளியே நடைபாதையில் நின்று ஆனந்தகிருஷ்ணனுக்கு அழைப்பெடுத்தாள். சென்னைக்காரர். இங்கே வந்து முப்பது வருடம், நிதானமான மனுஷன். ஒரு காற்புள்ளியைக்கூட யோசித்துத்தான் வைப்பார்.

"தட்டம்மைங்கறது சரியான வார்த்தைதானே, தாட்சாயினி? அகராதியில பாருங்களேன்" என்றார்.

"சரியான சொல்தான் டொக்டர். வாசிக்கிற எங்கடை சனத்துக்கு அது வேறை நோய்."

"ஒரு தாளை அனுப்பிட்டு ரெண்டு நாள்ல திரும்ப வாங்கினா ஜனங்களுக்கு எல்லாத்து மேலயும் சந்தேகம் வரும். அதையும் யோசிக்கணும். நாளைக்கு மீட்டிங்ல பேசலாம்."

"நாளைக்கு நேரமில்லை, டொக்டர். இந்தத் தாளை வைச்சுக் கேட்டதுக்கு எல்லாரும் ஓம் எண்டு சொல்லியிருப்பினம். இஞ்சை உள்ளுக்கை ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கிறா. வெளியிலை இன்னும் எத்தினை பேரோ ஆருக்குத் தெரியும்?" அவளுடைய குரல் உயர்ந்துவிட்டது. கடந்துபோன தாதி ஒருத்தி திரும்பிப் பார்த்தாள். "தாளைப் பாக்காமல் அனுப்பினது நான். அதுக்கு என்னை என்னவும் செய்யுங்கோ. ஆனால் இண்டைக்கு அனுப்பவேணும்."

மறுபக்கத்தில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"என் வைஃப் பத்மாகிட்ட கேட்டாலும் அம்மைன்னா எல்லாத்தையும்தான் சொல்லுவா" என்றார் கடைசியில், தனக்குத்தானே பேசுவது போல. "ரெண்டு வார்த்தையையும் போட்டு எழுதுங்க. நானும் அதைப் படிச்சேன், எனக்கும் தோணலை. அனுப்புங்க. கீழ என் பேரையும் போட்டுடுங்க."

நடைபாதைக் கதிரையில் இருந்து கைபேசியிலேயே அவள் எழுதினாள். ஐந்தே வரி. தமிழ்த் தாளைக் கழற்றுங்கள், இலங்கைக் குடும்பங்களிடம் சின்னமுத்து என்று கேளுங்கள், பொக்களிப்பான் வேறு, ஓம் என்று சொன்னவர்களிடம் திரும்பவும் கேளுங்கள், கர்ப்பிணி என்றால் உடனே எனக்கு அழையுங்கள். கீழே தன் சொந்த இலக்கத்தைப் போட்டாள். அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் கைபேசி அடிக்கத் தொடங்கியது. இத்தனை நாளும் கேள்வி கேட்காத தாதிமார் எல்லாரும் அன்றைக்குக் கேட்டார்கள்.

அனோஜினியின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இல்லை. பின்னேரமே மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். வசீகரன் சமையலறை உடுப்போடு மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். தாட்சாயினியைக் கண்டதும், "அக்கா, போனிலை அப்பிடிக் கதைச்சதுக்கு…" என்று தொடங்கினான். "நல்லாத்தான் கதைச்சனீங்கள். இனியும் அப்பிடியே கதையுங்கோ" என்று சொல்லி அவனை உள்ளே அனுப்பினாள். பிறகு ஜென்சிக்கு எடுத்துச் சொன்னாள். ஜென்சி அழுதாள்.

"நான்தான் பயமில்லன்னு எழுதி வெச்சேன்கா."

"நான் தந்ததைத்தான் நீர் கேட்டனீர். நீர் சொல்லாட்டில் எனக்கு இது தெரிஞ்சே இராது" என்றாள் தாட்சாயினி. அது உண்மைதான், ஆனாலும் இரண்டு பேருக்கும் அது ஆறுதலாக இருக்கவில்லை.

அந்தப் பாடசாலையில் இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கு நோய் வந்து சுகமானது. திரும்பக் கேட்டதில் வேறு பாடசாலைகளில் அனோஜினியைப் போல ஓம் சொன்ன சிலர் அகப்பட்டார்கள். அவர்களில் கர்ப்பிணிகள் இல்லை, ஊசி போட்டுவிட்டார்கள். அனோஜினிக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அது நிச்சயம் என்று ஆகும்வரை, கிட்டத்தட்ட ஒரு மாதம், தாட்சாயினி கைபேசி அடித்தால் திடுக்கிட்டாள். ஓகஸ்டில் அனோஜினி ஒரு பெண்பிள்ளையைப் பெற்றாள். படம் அனுப்பினாள். ரோசா அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் நிற்கிற படம்.

ஜென்சி நிற்கவில்லை. ஜூனில் பாடசாலை மூடியதும் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "அங்க பக்கத்துலயே கேக்க ஆள் இருக்கும்கா" என்றாள். அந்தச் சொல் தாட்சாயினியைக் கோடை முழுக்க உறுத்தியது. பக்கத்தில் கேட்க ஆள். அதைக் கொடுக்கத்தானே தனக்குச் சம்பளம்?

செப்டெம்பரில் அவள் ஆனந்தகிருஷ்ணனிடம் போய், வாராந்த அறிக்கை அரைப்பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்றும், புதன்கிழமை மத்தியானங்களில் தாதிமார் எல்லாரும் ஒரே தொலைபேசி அழைப்பில் சேர்ந்து கதைக்க வேண்டும் என்றும் கேட்டாள். முதலாவதற்கு அவர் முக்கால் பக்கம் என்று பேரம் பேசினார். இரண்டாவதற்கு யோசிக்காமலே தலையாட்டினார். மொழிபெயர்த்த தாள்களை அந்தந்த மொழிக்காரத் தாதி இருவராவது வாசிக்காமல் வெளியே விடுவதில்லை என்பதை அவரே சேர்த்துக்கொண்டார்.

ஜென்சியின் இடத்துக்கு ஒக்டோபர் வரையில் ஆளில்லை. முதலாவது புதன்கிழமை அழைப்பை தாட்சாயினி அந்த யன்னல் இல்லாத அறையில் இருந்துதான் எடுத்தாள். நோத்ர-டாம்-த-கிராஸ் பகுதியில் இருந்து ஒருத்தி ஒவ்வாமை ஊசி முடிந்துவிட்டது என்றாள். கிழக்கிலிருந்து ஒருவன், தன்னிடம் இரண்டு இருக்கிறது, பின்னேரம் கொண்டுவந்து தருகிறேன் என்றான். வேறு ஒருத்தி தலைப்பேனைப் பற்றிக் கேட்க, எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். அதற்குள் கதவில் தட்டல். முழங்கை உரிந்து, அழுது முடித்த முகத்தோடு ஒரு சிறுமி நின்றாள்.

"பொன்ஜூர்" என்றாள் தாட்சாயினி. தொலைபேசியை அப்படியே ஒலிபெருக்கியில் விட்டுவிட்டு, அவளைக் கட்டிலில் தூக்கி இருத்தி, மருந்துப் பஞ்சை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கினாள்.